கழன்று விழ வேண்டிய நான்கு பற்கள்

யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட ஒரு சண்டையில், பார்க்கிறவர் யார் பக்கம் நிற்பது? யோசித்துப் பார்த்தால் நிற்க இடமே இல்லை. எழுதியவர் பக்கம் வேண்டுமானால் நிற்கலாம். இல்லையென்றால் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போகலாம். பல்செட் செய்து பிழைத்த ஒரு பெண்மணி இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தச் சண்டையைப் பார்த்தார். அதில் விழுந்த ஒரு அடியையும் அவர் நம்பியதில்லை. ஒரு வாரத்தையும் தவறவிட்டதில்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்பது அவருடைய கொழுந்தனுக்குப் பிடிபடாமலே போன விஷயம்.

கொழுந்தன் அவரிடம் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவன். அச்சகத்தில் ஆள் குறைத்தபோது, "சும்மா சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கிறதுக்கு வந்து பல்லைத் தேய்" என்று கூட்டிவந்து பாலிஷ் மோட்டார் முன்னால் உட்கார வைத்தது அண்ணிதான். அன்றிலிருந்து முன்பின் தெரியாதவர்களின் பற்களைத் தேய்த்துத்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. அண்ணன் பஸ் ஓட்டுகிறார். சனிக்கிழமை அவருக்கு டியூட்டி. டியூட்டி இல்லாத சனிக்கிழமை வந்தால் கேட்டு வாங்கிக்கொள்வார் என்று அண்ணி சொல்வார்.

செருப்புக் கடைக்கு மேலே, செங்குத்தாக ஏறும் படிக்கட்டின் முடிவில் இருந்தது அண்ணியின் பல்செட் லேப். முன்னறையில் வேலை, பின்னறையில் அடுப்பும் சாமான்களும். கை கழுவும் தொட்டியின் வாய் எப்போதும் பிளாஸ்டரால் அடைத்துக்கொண்டிருக்கும். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சு, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் வரும். கூடவே ஒரு சீட்டு. அந்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால் அரை மணியில் தாடை கிடைத்துவிடும். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ஒரு பித்தளைக் கீலில் பொருத்தி, திறந்து மூடி, கடி சரியாக வருகிறதா என்று பார்ப்பார் அண்ணி. அந்த ஊரில் நூற்றுக்கணக்கானவர்களின் வாய் அவருக்குத் தெரியும். முகம் ஒன்றுகூடத் தெரியாது. கல்யாண வீடுகளில் யாராவது சிரித்தால், "இது நம்ம வேலை" என்று கொழுந்தனின் காதில் சொல்வார். அவ்வளவுதான் பழக்கம்.

அவர் மல்யுத்தம் பார்க்க ஆரம்பித்த கதையிலும் பெரிதாக ஒன்றுமில்லை. மெழுகில் பற்களை நட்டு, பித்தளைப் பெட்டியில் அடைத்து, திருகை இறுக்கி, தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் கொதிக்க விட வேண்டும். விட்டுவிட்டு வெளியே போக முடியாது. தண்ணீர் வற்றினால் வேலை பாழ். வாரக் கடைசியில் சேர்ந்த பெட்டிகளைச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அடுப்பில் ஏற்றுவார். அந்த நேரத்தில் அந்தப் பழைய டிவியில் தெளிவாகத் தெரிந்த ஒரே நிகழ்ச்சி மல்யுத்தம். அதுவும் ஒன்றரை மணி நேரம்தான். மூன்றாவது வாரமே அவர் கண்டுபிடித்துவிட்டார். "தூக்கிறவன் தூக்கல. தூக்கப்படுறவன்தான் குதிக்கிறான். கீழ விழுறவன்தான் வேலை செய்யுறான்" என்று அன்றிரவு கணவரிடம் சொன்னார். கணவர் தூங்கிப்போயிருந்தார். வேறு யாராக இருந்தாலும் அன்றோடு பார்ப்பதை விட்டிருப்பார்கள். இவர் அன்றிலிருந்துதான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தார்.

காலப்போக்கில் ஒரு சபை சேர்ந்தது. எதிர்ச்சாரியில் பேக்கரி வைத்திருந்தவர் ஒரு நாள் பல்செட்டைச் சரி செய்யக் கொண்டு வந்தார். டிவியில் மலைமுழுங்கி என்ற மல்யுத்தக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மூலம் தபால்காரர் வந்தார். தபால்காரருக்குச் சண்டையைவிட மேடைக்குப் பின்னால் நடப்பதில்தான் ருசி. யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த சேனல் எவ்வளவு நேரம் கொடுக்கப் போகிறது, எவனுடைய படம் போட்ட பனியன் விற்காமல் கிடங்கில் கிடக்கிறது என்று போனில் படித்துச் சொல்வார். பேக்கரிக்காரர் மனதால் பார்ப்பார். தபால்காரர் செய்தியால் பார்ப்பார். இரண்டையும் கேட்டுவிட்டு அண்ணி தீர்ப்புச் சொல்வார். ஆகவே அவருக்கு ஜட்ஜம்மா என்று பெயர் நிலைத்தது.

தீர்ப்புக்கு ஒரு முறை உண்டு. நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன், மிஞ்சிய பிளாஸ்டரில் வார்த்த ஒரு சின்னக் கட்டியில், அழியாத பென்சிலால் அண்ணி முடிவை எழுதிக் கவிழ்த்து வைப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் யாராவது புரட்டலாம். புரட்டியதும் தேதி போட்டு அலமாரியில் ஏறும். அங்கே வரிசையாக இருந்த கட்டிகளில் தப்பாகப் போனவற்றை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

அந்த வரிசையில் ஆறு வருடத்துக்கு முந்தைய கட்டி ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. அன்று மலைமுழுங்கியின் வாயில் இரும்பு நாற்காலி விழுந்தது. வெள்ளையாக ஏதோ ஒன்று தெறித்துப் போனது. பேக்கரிக்காரர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பல்லு! பல்லு போயிருச்சு! இது கதையில இல்ல, நிஜமாவே பட்டிருச்சு!"

"உக்காருங்கண்ணே" என்றார் அண்ணி. "பல்லு அப்படிச் சிதறாது. அது சுண்ணாம்புக் கட்டி. ரத்தம் குப்பியில வந்தது."

அடுத்த சனிக்கிழமை மலைமுழுங்கி வழக்கம்போல வளையத்துக்குள் ஏறியதும் கேமராவுக்கு முன்னால் வாயைப் பிளந்து காட்டினான். அவனுடைய முத்திரையே அதுதான். கீழ்வரிசையில் சாய்ந்து நின்ற கோரைப்பல் உட்படப் பற்கள் முழுசாக இருந்தன. பல்லைப் பற்றிப் பல்செட்காரரிடமே வாதாட முடியுமா? கட்டியில் "நாற்காலி அடி பொய்" என்று எழுதப்பட்டது. பேக்கரிக்காரருக்கு அன்று கிடைத்த பட்டம் பக்தர். கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்கள்கூட அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் தெரியாமலே கூப்பிட்டார்கள்.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை, தபால்காரர் படி ஏறும்போதே போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"கேட்டீங்களா? மலைமுழுங்கியோட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதாம். புதுப்பிக்கலையாம்."

"புதுப்பிக்கலையா?" பேக்கரிக்காரருக்கு முகமே மாறிவிட்டது. "இருபது வருஷமா முதுகைக் குடுத்தவன்யா அவன்!"

"அந்த முதுகுக்குத்தான் வயசாயிருச்சு."

"உமக்கு வயசாகல? கவர்மென்ட்டு உம்மைத் தெருவுல விட்டுருச்சா?"

"நான் வாரம் ஒரு தடவ கயித்து மேல இருந்து குதிக்கிறதில்லையே."

அண்ணி பித்தளைப் பெட்டியின் திருகை இறுக்கிக்கொண்டே சொன்னார். "அடுத்த மாசப் போஸ்டர் பாத்தீங்களா? அவன் முகம் ஓரத்துல, பாதி வெட்டிப் போட்டிருக்காங்க. நடுவுல யாரு? மாப்பிள்ளை. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

மாப்பிள்ளை என்பது பட்டு அங்கி போட்டுக்கொண்டு வரும் இளம் வில்லன். கதையில் முதலாளியின் மருமகன். கம்பெனியிலும் முதலாளியின் மருமகன்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பொய் சொல்லவில்லை.

"அவன்கிட்டயா தோத்துட்டுப் போகணும்?" என்றார் பேக்கரிக்காரர். "கயித்தைத் தாண்டி உள்ள வரும்போதே அவனுக்குக் கால் இடறுது."

"மாமனார் கம்பெனி. இடறினா கயித்தைத்தான் மாத்துவாங்க."

கொழுந்தன் சிரித்துவிட்டான். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க ஜட்ஜம்மா. கடைசியா ஒரு தடவ அவனை ஜெயிக்க விட்டா என்ன குறைஞ்சு போயிரும்?"

"போறவன் தோத்துட்டுத்தான் போகணும்ணே" என்றார் அண்ணி. "ஜெயிச்சுட்டுப் போனா அந்த ஜெயிப்பு அவனோட வீட்டுக்குப் போயிரும். யாருக்கும் பிரயோஜனம் இல்ல. தோத்துட்டுப் போனா, இருக்கிறவனுக்கு அது மிஞ்சும். இவனும் ஒரு காலத்துல யாரோ போறவனை ஜெயிச்சுத்தானே மேல வந்தான்? அந்தத் தொழில்ல அதுதான் மரியாதை."

"உங்களுக்கு நெஞ்சுல இருக்கிறதும் பிளாஸ்டர்தான்."

"காஞ்சா கெட்டியா நிக்கும், இல்ல?" என்றார் அண்ணி. விஷயம் அத்தோடு முடிந்தது.

அதற்கடுத்த இரண்டு வாரமும் மலைமுழுங்கி வரவில்லை. கம்பெனி அவனைத் தண்டித்து வெளியே நிறுத்தியிருக்கிறது என்று கதை சொன்னார்கள். மூன்றாவது சனிக்கிழமை மாப்பிள்ளையோடு கடைசிச் சண்டை என்று விளம்பரம் வந்தது.

அந்த வாரம் புதன்கிழமை காலையில் டப்பா வந்தது. நகரத்தின் மறுகோடியில், மல்யுத்தக் கம்பெனியின் பயிற்சிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். லேபுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் அவருடைய கிளினிக்கிலிருந்துதான் வந்தது. சீட்டில் பெயருக்குப் பதில் ஒரு எண். மேல் முன்பற்கள் நான்கு. கழற்றி மாட்டும் பல்செட். கொக்கி வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்.

"கொக்கி வேண்டாமா?" என்று அண்ணி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்செட் அசையாமல் நிற்பதற்குப் பக்கத்துப் பற்களைக் கவ்விப் பிடிக்கும் சின்னக் கம்பிதான் கொக்கி. அது இல்லாமல் நான்கு முன்பற்கள் ஒரு தும்மலுக்குக்கூடத் தாங்காது. எழுதியவர் மறந்திருப்பார் என்று நினைத்து பிளாஸ்டரை ஊற்றிவிட்டுப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கொழுந்தனுக்கும் கேட்டது.

"டாக்டர், கொக்கி இல்லாம இது நிக்காதே."

"நிக்க வேண்டாம்மா. அதுதான் வேணும். ஒரு அடி பட்டா விழணும்."

"விழுறதுக்கா பல்லு?"

"ஒரு நிகழ்ச்சிக்காக. கம்பெனி ஆள் நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாரு. கேமரா முன்னாடி தெறிச்சு விழணுமாம். பேஷண்டுக்குப் பயிற்சியில நிஜமாவே பல்லு போயிருச்சு. போனது போச்சு, அதைக் கதைக்கு உபயோகப்படுத்திக்கலாம்னு பாக்குறாங்க. அப்புறமா அவருக்கு நல்லதா ஒண்ணு செஞ்சுக்கலாம்."

"பேஷண்ட் என்ன சொன்னாரு?"

"அவர் என்ன சொல்ல? வாயைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தாரு." டாக்டர் பேச்சை மாற்றினார். "முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்கம்மா. வேற லேப் இருக்கு."

"முடியாதுன்னு சொல்லல டாக்டர்" என்றார் அண்ணி.

பிளாஸ்டர் இறுகியதும் அச்சிலிருந்து தாடைகளைப் பிரித்தெடுத்தார். மேல்தாடையில் நடுவே வெற்றிடம். அதை ஓரமாக வைத்துவிட்டுக் கீழ்த்தாடையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, மோட்டாரை நிறுத்து" என்றார்.

கொழுந்தன் பக்கத்தில் போனான். இடது கோரைப்பல் பக்கத்துப் பல்லின் தோள்மேல் ஏறிச் சாய்ந்திருந்தது. வருடக்கணக்காக வாராவாரம் கேமராவில் பார்த்த வாய் அது. பெயர் சொல்லத் தேவையில்லை.

"அண்ணி! இது நம்ம…"

"வாயைத் திறக்காதே. பேக்கரி அண்ணன் காதுக்குப் போச்சுன்னா ரொட்டி விக்கிற நாலு தெருவுக்கும் போயிரும்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"அது இருக்கட்டும். இங்க பாரு." மெழுகுக் கத்தியின் நுனியால், சாய்ந்த கோரைப்பல்லுக்கு அடுத்த முன்பல்லைத் தொட்டார். ஈறு ஆரம்பிக்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு விளிம்பு பல்லைச் சுற்றி ஓடியது. மற்ற பற்களைவிட அந்தப் பல் கொஞ்சம் தடித்திருந்தது. கொழுந்தனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"கேப் போட்ட பல்லு" என்றார் அண்ணி. "உடைஞ்ச பல்லுக்கு மேல போட்டிருக்காங்க. விளிம்பு சரியா உக்காரல. அவசர வேலை. ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுக் குடுன்னு கழுத்தைப் பிடிச்சிருப்பாங்க."

கொழுந்தனின் பார்வை தானாக அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. "நாற்காலி அடி பொய்."

"எவனோ ஒருத்தன் இந்த ஊர்ல இன்னொரு லேப்ல இருக்கான்" என்றார் அண்ணி. "ஆறு வருஷமா அவனுக்குத் தெரியும். வெளிய சொல்லல பாத்தியா."

அவர் குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. தப்பாகக் கணித்த ஒரு ஆளின் எரிச்சல் கொஞ்சம் இருந்தது என்று கொழுந்தனுக்குத் தோன்றியது. அண்ணியைப் போலப் பார்க்கப் பழகியவர்களுக்கே வாய்க்கும் தப்பு அது. நம்பி ஏமாறுகிறவர்களை அவர்கள் வருடக்கணக்காகக் கேலி செய்வார்கள். நம்பாமல் ஏமாற முடியும் என்று ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை முழுக்க அண்ணி அந்தப் பல்செட்டிலேயே இருந்தார். பல்லின் நிறம் பார்க்கும் பட்டையை எடுத்து வைத்து, சீட்டில் டாக்டர் குறித்திருந்த நிறத்துக்கு ஒரு படி மங்கலான பற்களைத் தேர்ந்தெடுத்தார். "இந்த வயசுக்கு இவ்வளவு வெள்ளை இருந்தா பொய்யின்னு தெரிஞ்சிரும்" என்றார். மெழுகில் நட்டார், பெட்டியில் அடைத்தார், கொதிக்க வைத்தார். சாயங்காலம் கொழுந்தன் பாலிஷ் செய்து கொடுத்ததும் பிளாஸ்டர் தாடையில் மாட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டினார். நான்கு பற்களும் மேசையில் உருண்டன. சீட்டில் கேட்டது அப்படியே வந்திருந்தது. அண்ணி அதை எடுத்து மறுபடி மாட்டினார். மறுபடி சுண்டினார். இப்படி ஐந்தாறு முறை. பிறகு கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் கொழுந்தனை வேறொரு கிளினிக்குக்கு அனுப்பினார். அவன் திரும்பி வந்தபோது டப்பா ஒட்டி முடித்துத் தயாராக இருந்தது. "நேரா டாக்டர் கையில குடுத்துட்டு வா" என்றார். அவன் வண்டிச் சாவியை எடுக்கக் குனிந்தபோது மூக்கில் ஒரு வாடை ஏறியது. கொதிக்க வைக்காமலே இறுகும் பசையின் வாடை. செய்து முடித்த பல்செட்டில் புதிதாக எதையாவது பதிக்க வேண்டியிருந்தால்தான் அந்தப் புட்டியைத் திறப்பார்கள். மேசை விளிம்பில் வெட்டிப்போட்ட கம்பித் துணுக்கு இரண்டு கிடந்தன. கம்பி வளைக்கும் குறடு தன் ஆணியில் இல்லை.

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தொட்டியில் அடைத்திருந்த பிளாஸ்டரைக் குத்திக்கொண்டிருந்தார்.

கேட்டிருக்கலாம். வழியெல்லாம் அதையேதான் நினைத்தான். அந்த டாக்டர் வேலையை நிறுத்தினால் லேபில் இருவருக்கு வேலை இருக்காது. குறைகிற ஆள் தானாகத்தான் இருக்கும். டப்பாவைப் பிரித்துப் பார்த்துவிடலாமா என்று ஒரு சிக்னலில் கையை வைத்தான். பச்சை விழுந்தது. கொண்டுபோய்க் கொடுத்ததும் டாக்டர் அதைப் பிரிக்காமலே, காத்திருந்த கம்பெனி ஆளிடம் நீட்டினார்; இவன் திரும்பி வந்துவிட்டான்.

சனிக்கிழமை நாலரைக்கே பேக்கரிக்காரர் வந்துவிட்டார். தலை வாரி, நல்ல சட்டை போட்டு, ஏதோ ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவர் மாதிரி.

"அழுதுட்டீங்கன்னா துடைக்கத் துணி இருக்கு பக்தரே" என்றார் தபால்காரர். "பல்லு துடைச்ச துணி, பரவாயில்லையா?"

"உம்ம வாயைத் துடைச்சுக்கும் முதல்ல."

அண்ணி பெட்டிகளை அடுப்பில் ஏற்றினார். கட்டியில் எழுதினார், கவிழ்த்தார், உட்கார்ந்தார்.

மலைமுழுங்கி மெதுவாக நடந்து வந்தான். கூட்டம் எழுந்து நின்றது. வளையத்துக்குள் ஏறி, கேமராவை நோக்கி வாயைப் பிளந்தான். பற்கள் வரிசையாக இருந்தன. தலையைத் திருப்பியபோது வலது ஓரத்தில் ஒரு நொடி ஏதோ மின்னியது. கொழுந்தன் ஸ்டூலை டிவிக்குப் பக்கத்தில் நகர்த்தினான். கம்பி. அப்படியென்றால் மாட்டிய அன்றே அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும், இது விழாது என்று. தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

பத்து நிமிடம் சாதாரணமாகப் போனது. மாப்பிள்ளை தூக்கினான், மலைமுழுங்கி குதித்து அவனைத் தூக்க வைத்தான். பிறகு நடுவர் முதுகைத் திருப்பிக்கொண்ட சமயம், மாப்பிள்ளை முழங்கையை ஓங்கி வாயில் இறக்கினான். மலைமுழுங்கி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். கேமரா தரையை நோக்கித் தாவியது. வர்ணனையாளர் காத்திருக்கவில்லை.

"பற்கள்! பற்கள் தெறித்துவிட்டன! இப்படி ஒரு கோரத்தை நான் பார்த்ததில்லை!"

தரையில் ஒன்றும் இல்லை. வெறும் கித்தான் விரிப்பு.

"எந்தப் பல்லு?" என்றார் பேக்கரிக்காரர். "இவனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"எழுதிக் குடுத்ததை முன்னாடியே படிச்சுட்டான் போல" என்றார் தபால்காரர். அவருக்கும் விளங்கவில்லை.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான், மலைமுழுங்கியைப் பார்த்தான், மறுபடி ஒரு முழங்கை. கேமரா மறுபடி தரைக்குப் போனது. ஒன்றும் விழவில்லை. மலைமுழுங்கி கைகளை எடுத்தான். நிமிர்ந்தான். கேமராவுக்கு நேராக வாயைப் பிளந்தான். கூட்டம் கூரையைப் பிய்த்துவிடும் போலக் கத்தியது. என்ன நடந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஏதோ ஒன்று திட்டப்படி நடக்கவில்லை என்பது மட்டும் கூட்டத்துக்கு எப்படியோ எட்டிவிடுகிறது.

பிறகு அவன் மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னான். மாப்பிள்ளை அவனைத் தூக்கினான். மலைமுழுங்கி வயதுக்கு மீறி உயரமாகக் குதித்துக் கொடுத்து, முதுகில் இறங்கி, இரண்டு தோளும் தரையில் பட மல்லாந்து கிடந்தான். மூன்று எண்ணினார்கள். முடிந்தது. அவன் எழுந்து கயிற்றைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் வந்த வழியே நடந்து போனான்.

பேக்கரிக்காரர் கட்டியைப் புரட்டினார். "மலைமுழுங்கி தோற்பான்" என்று இருந்தது.

"நீங்க சொன்னதுதான் நடந்தது" என்றார். "ஆனா அசிங்கப்படாமப் போனான். அது போதும் எனக்கு."

அண்ணி எழுந்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கட்டியை எடுத்தார். மெழுகுக் கத்தியால் கடைசி வார்த்தையைச் சுரண்டினார். வெள்ளைத் தூள் அவர் மடியில் கொட்டியது. "நாற்காலி அடி" என்பது மட்டும் மிஞ்சியது. அதைப் பேக்கரிக்காரர் கையில் கொடுத்தார்.

"அது நிஜம்ணே. நான் சொன்னது தப்பு."

"இப்ப யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

பேக்கரிக்காரர் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு வருடக் கேலிக்குப் பதிலாக என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். "தண்ணி வத்துது பாருங்க, பெட்டி தீயப் போகுது" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை. கொழுந்தனுக்கு ஒரு பக்கம்தான் கேட்டது.

"ஆமா டாக்டர்… இருந்தது… ஆமா, நான்தான் போட்டேன்… இல்ல, மறதி எல்லாம் இல்ல… சரி டாக்டர்."

அதன்பிறகு நான்கு மாதம் அந்தக் கிளினிக்கிலிருந்து ஒரு டப்பா வரவில்லை. கொழுந்தன் வாரத்தில் மூன்று நாள் பழைய அச்சகத்தில் காகிதம் அடுக்கப் போனான். அண்ணி ஊரின் அந்தக் கோடியில் இருந்த சின்னச் சின்னக் கிளினிக்குகளின் படி ஏறி இறங்கினார். டாக்டர் மறுபடி வேலை அனுப்ப ஆரம்பித்தது, புதிதாகப் பிடித்த லேபின் பல்செட்டுகள் கழன்று கழன்று விழுந்ததால்தான் என்று தபால்காரர் சொன்னார். அவர் சொல்லும் செய்திகளில் பாதியை நம்பலாம்.

காகிதம் அடுக்கிய நாட்களில் கொழுந்தனுக்கு யோசிக்க நேரம் இருந்தது. விழுந்த பல் தொண்டைக்குள் போயிருந்தால் ஆள் செத்திருப்பான், அதற்குப் பயந்திருக்கலாம். கேட்டபடியே விழுகிற பல்லைச் செய்துவிட்டு, அதைத் தன் வேலை என்று வெளியே அனுப்பக் கை வராமல் போயிருக்கலாம். ஆறு வருடத்துக்கு முந்தைய தீர்ப்புக்கு ஒரு வட்டி கட்டியிருக்கலாம். போகிறவன் தோற்க வேண்டும், ஆனால் எவ்வளவு தோற்க வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு அளவு இருந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் அந்தப் பித்தளைக் கீலில் வைத்ததுபோல மனதில் கடித்துப் பார்த்தான். ஏதாவது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது.

ஒரே ஒரு முறை நேராகக் கேட்டான். முழு நாளும் லேபுக்குத் திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை அது.

"அண்ணி, அன்னிக்கு எதுக்கு அந்தக் கொக்கியப் போட்டீங்க?"

அண்ணி அவன் கையிலிருந்த பல்செட்டை வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி, உள்புறத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார்.

"இங்க இன்னும் சொரசொரன்னு இருக்கு பாரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மோட்டாரின் சுவிட்சை அவரே தட்டினார்.